வால்யூம் சொல்தா

காரைக்காலில் கடலுக்கு அடுத்தபடியாக அதிகச் சத்தம் போட்டவர் வால்யூம் சொல்தாதான். கடலாவது சில நாள் அடங்கிக் கிடக்கும்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். தலத்தெருவில் என் பக்கத்து வீட்டு சொல்தாவுக்குக் காது மந்தம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வரும் காமெடித் தொடருக்கு அவர் வைக்கும் சத்தத்தில் தெருவே கதை கேட்கும். மற்ற வீடுகளில் படம் மட்டும் ஓடினால் போதும்.

அதே தொடரை மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திரும்பப் போடுவார்கள். அதையும் விடமாட்டார். முதல் நாளே பார்த்துவிட்டதால், ஜோக் வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். அவர் சிரிப்பைக் கேட்டு நாங்கள் தயாராவோம், ஜோக் பின்னால் வரும்.

"அண்ணே, கொஞ்சம் கொறைச்சு வெக்கப்படாதா?" என்று என் கணவர் மதில் வழியாகக் கேட்பார்.

"என்னா? கேக்கலியா? இருங்க, கூட்டி வெக்கிறேன்!" என்பார் சொல்தா. கூட்டியும் வைப்பார்.

என் கணவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் டிவி போடமாட்டோம். என் நாத்தனார் வரிச்சிக்குடியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று நாள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார்கள். சொல்தா குறைக்கவில்லை, அறவே நிறுத்திவிட்டார். பதினாறு நாளும் ஏழு மணிக்கு அவர் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் மட்டும் ஆடியது.

எனக்கோ அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அழுதுடுங்க அண்ணி, உள்ளேயே வெச்சிருந்தா ஒங்களுக்கும் எதாவது ஆயிடும்" என்று நாத்தனார் கெஞ்சினார். நான் காபி போட்டேன். தினமும் இரண்டு டம்ளர் போட்டு, ஒன்றை யாருக்கும் தெரியாமல் கொட்டினேன். இப்படியே கல்லாகிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

கருமாதி முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன மறுநாள், காலை பதினொன்றுக்குச் சொல்தா வந்தார். கையில் அவர் வீட்டு ரிமோட்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுல மொதல்ல சத்தம் வந்தாத்தான் எங்க வீட்டுல வெப்பேன். பதினாறு நாளா ஊமப்படம் பாக்குறேன், ஒண்ணும் வெளங்கல. தொடர்ல வர்ற அந்த மாமனார்காரனைக் காணும். பிரான்ஸுக்குப் போயிட்டானா?"

எங்கள் ஊரில் ஓர் ஆளைப் பத்து நாள் காணவில்லை என்றால் அப்படித்தான் நினைப்போம். நான் துண்டை எடுத்து டிவியைப் போட்டேன். அவர் தன் ரிமோட்டை அதன் முன்னால் நீட்டி அழுத்திக்கொண்டே இருந்தார். நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

இரண்டு நிமிடம் வசனத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, அவரு செத்துப் போயிட்டாரு."

பதினாறு நாளாக வந்தவர்களிடமெல்லாம் "தவறிட்டார்" என்றுதான் சொல்லியிருந்தேன். 'செத்து' என்ற சொல்லை என் வாய் சொன்னது அப்போதுதான்.

திரையில் அந்த மாமனாரின் பெண்டாட்டி காபி போட்டாள். பழக்கத்தில் இரண்டு டம்ளர். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்க்க, அவள் வீணாக்க மனமில்லாமல் புருஷனுடைய டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவருக்குச் சர்க்கரை வியாதி. அவள் முகம் கோணிப் போயிற்று. காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்: "இந்தக் கண்றாவியையா இத்தன வருஷம் வாயத் தொறக்காம குடிச்சீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவருக்கும் சர்க்கரை இல்லாத காபிதான். ஒருநாளும் அதை நான் ருசி பார்த்ததில்லை. அழுகைத் தொடர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். சாவு என்றால் இடி, மின்னல், மூன்று தடவை தலையைத் திருப்பிக் காட்டுவது. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. இந்த ஒரு வாய்க் காபி என்னை உடைத்தது. சிரிப்பு பெரிதாகி, அடக்க முடியாமல் போனது.

புருஷன் போய் மூன்று வாரம் ஆகவில்லை, தாலியறுத்தவள் வீட்டில் சிரிப்புச் சத்தம். எதிர்வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பது நினைவுக்கு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சொல்தா டிவியைப் பார்க்கவில்லை. என் ரிமோட்டில் வால்யூமை அழுத்தினார். எண் ஏறிக்கொண்டே போய் நூறில் நின்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

என் காதருகே குனிந்து கத்தினார்: "சத்தம் வந்தா தெருவுல என்னையத்தான் திட்டுவாங்க. நீங்க சிரிங்க தங்கச்சி!"

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அரைமணி நேரம் அழுதேன். எதிர்வீட்டுக்கு என் குரல் கேட்கவில்லை. அந்த மனிதர் சுவரைப் பார்த்தபடி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளம்பரம் வந்தபோதுகூடக் குறைக்கவில்லை.

போன வருஷம் சொல்தா பிரான்ஸுக்குப் போய்விட்டார். நிஜமாகவே பிரான்ஸுக்குத்தான், மகள் வீட்டுக்கு. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன பாடு படுகிறார்களோ.

இப்போது ஏழு மணிக்கு என் வீட்டில்தான் நூறு. எதிர்வீட்டுப் பெண் இப்போது என்னை "வால்யூம் அம்மா" என்கிறாளாம். சொல்லட்டும். குறைப்பதாக இல்லை. இந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்குச் சிரிக்க வேண்டியிருக்குமோ.