ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூட இல்லை

'சிகிச்சைகள்' என்ற சொல்லின் மேல் மவுஸை வைத்தால் மெனுப் பட்டியல் திறந்தது. பட்டியலில் இருந்த 'வேர் சிகிச்சை'யைத் தொடப் போனால், போகிற வழியிலேயே மூடிக்கொண்டது.

பல் மருத்துவமனைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்த சுத்தசிகாமணி உதட்டைக் கடித்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. "சுத்தமான சிஎஸ்எஸ்!" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் மார்தட்டி, அவரே சம்பாதித்துக்கொண்ட பெயர் இது. வெப்சைட் எழுதும் கணினி மொழிகளில் அழகு பார்க்க சிஎஸ்எஸ், ஆட்டிவைக்க ஜாவாஸ்கிரிப்ட் என்பது உலக வழக்கம். இவரோ அழகை வைத்தே ஆட்டிவைப்பவர்.

"ரெண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் போட்டா முடிஞ்சுடும் சார்," என்றார் டாக்டரம்மாவின் என்ஜினீயர் தம்பி.

"சைக்கிளுக்கு எதுக்குத் தம்பி டிரைவர்?"

"யார் ஓட்டினாலும் சரி," என்றார் டாக்டரம்மா. "சனிக்கிழமைக்குள்ள சைட்டைப் பார்த்து நாலு பேஷண்ட் வரணும். இல்லேன்னா வேலை தம்பி கைக்குப் போயிடும்."

பதினேழு வருட மானம் நான்கு நாளில் தொங்கியது.

சொல்லுக்கும் பட்டியலுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியை அடைத்தார். இப்போது மவுஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே பட்டியல் குதித்து இறங்கியது.

மூடுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார். ஒன்று மூடுவதற்குள் அடுத்தது திறந்து, நான்கு பட்டியல்களும் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன.

எது மேலே நிற்பது என்று சொல்லும் எண் ஒன்று உண்டு. அதை நூறாக்கினார், ஆயிரமாக்கினார், கடைசியில் ஒன்பது ஒன்பதுகளை வரிசையாகத் தட்டினார்.

"என் போட்டோ எங்க சார்?"

"மெனுவுக்குப் பின்னால பத்திரமா இருக்கு மேடம்."

புதன்கிழமை, கண்ணுக்குத் தெரியாத ஒரு டிக் பெட்டியை ஒளித்துவைத்து, கிளிக் செய்தால் திறக்கும்படி செய்தார். திறந்தது. பக்கம் முழுவதும் படர்ந்து, திறந்தபடியே நின்றது.

"மூடலையே சார்?" என்றார் தம்பி.

"கடையைத் திறந்து வெச்சாத்தானே தம்பி ஆள் வரும்?" என்று அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்.

வியாழக்கிழமை ரிசப்ஷன் போன் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை காத்திருப்போர் அறையில் நாற்காலி பற்றவில்லை. சனிக்கிழமை டாக்டரம்மா கைகுலுக்கினார்.

"அசத்திட்டீங்க சார். இனிமே சைட் உங்க கைலதான். யாரும் தொடக்கூடாது."

தம்பி லேப்டாப்பை மூடினார்.

"ஒரு வரி, தம்பி!" சுத்தசிகாமணி ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். "ஒரே ஒரு வரி கூடக் கிடையாது!"

பாராட்டை மக்கள் வாய்மொழியாகவும் கேட்டுவிட ஆசை. ரிசப்ஷன் மேஜையில் ஒயிலாகச் சாய்ந்தார். "போன் பண்றவங்க நம்ம மெனுவைப் பத்தி ஏதாவது சொல்றாங்களாம்மா?"

ரிசப்ஷன் பெண் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அதை எப்படி மூடறதுன்னு கேக்கத்தான் சார் எல்லாருமே போன் பண்றாங்க. நான்தான் பேச்சோட பேச்சா பல்லு எப்படி இருக்குன்னு விசாரிச்சு, வரச்சொல்லிட்டு இருக்கேன்."