பஞ்ச்கனிக்கு நாற்பத்தேழு ஏற்பாடுகள்

முன்னேற்பாட்டுக்காரர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இவர் செழித்து வளர்கிறார். சொந்தமாகக் கார் வாங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். நீங்களும் நானும் ஊருக்குப் போக நினைத்தால் போய்விடுகிறோம். இவர் ஏற்பாடு செய்கிறார். டயருக்குக் காற்று, டிக்கிக்குக் கயிறு, காய்ச்சலுக்கு ஒரு மருந்து, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு மருந்து என்று ஒரு மாதம் ஏற்பாடு செய்து, செய்த ஏற்பாட்டைப் பார்த்துப் பூரித்து, மிச்சமிருக்கிற நேரத்தில் ஊருக்கும் போய்விட்டு வருகிறார்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். “லோனாவாலா போய்விட்டு வந்தோம்” என்று சொல்லிப் பாருங்கள். ஊர் எப்படி இருந்தது என்று கேட்க மாட்டார். “ஸ்டெப்னியில காத்துப் பாத்தேளா?” என்பார். பார்க்கவில்லை என்றால், நீங்கள் உயிரோடு திரும்பி வந்ததில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம் தெரியும்.

செம்பூர் செல்லப்பாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவண்டிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் தாரணிக்கு இரண்டேகால் வயது. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் இவருக்கு இரண்டு நாள் தூக்கம் வராது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. பயம் நிஜம். அதிலிருந்து முளைத்த பட்டியலைப் பற்றித்தான் பேச்சு.

புனேக்கு அப்பால் மலைமேல் இருக்கும் பஞ்ச்கனியில் மூன்று நாள் தங்குவதாக முடிவானதும் அவர் ‘மிஷன் பஞ்ச்கனி’ என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். குழுவில் இரண்டு பேர்: அவர், அவர் மனைவி சண்முகவடிவு. இவர் ஹாலில் உட்கார்ந்து அனுப்புவார். அது அடுப்படியில் போய் ‘டிங்’ என்று விழும். முதல் பட்டியலில் பத்தொன்பது இனங்கள் இருந்தன. ஏழாவது திருத்தத்தில் நாற்பத்தேழு. கொசுவலை, நீராவி பிடிக்கும் கருவி, இருபது லிட்டர் தண்ணீர் கேன், பிள்ளை ஆய் போக உட்காரும் பிளாஸ்டிக் ‘பாட்டி’, அந்தப் பாட்டி உடைந்தால் இன்னொரு பாட்டி.

“பஞ்ச்கனில கடையே கெடையாதாங்க?” என்று வடிவு அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

“இருக்கும். பூட்டியிருந்தா?”

பூட்டியிருந்தால்!

பட்டியலின் முதல் இனம் குழந்தைக்கான கார் சீட். இதில் அவர் எந்தச் சமரசத்துக்கும் இடம் கொடுக்கவில்லை. பதினான்கு வீடியோ பார்த்து, எந்த நாட்டில் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதிச் சோதித்தார்கள் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவே ஒன்று என ஐந்து பட்டை உள்ள சீட்டாக வாங்கினார். அதைக் காரின் பின்சீட்டில் மாட்டிக் கொடுத்தவர் கோவண்டி மெக்கானிக் நஜிமுதீன்.

“ஆட்டிப் பாருங்க சார், அசையாது. இந்த பிளாஸ்டிக் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு பிள்ளைய உக்கார வைங்க. பஸ், காம் கதம். அவ்வளவுதான், வேல முடிஞ்சது” என்றார் நஜிமுதீன்.

தாளைக் கிழிக்கவில்லை. அழுக்காகிவிடும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை ஓர் ஒத்திகை நடந்தது. செம்பூரிலிருந்து ஆண்டாப் ஹில்லில் இருக்கும் தங்கை வீடு வரைக்கும். வழுக்குகிற பிளாஸ்டிக்கில் தாரணியை உட்கார வைத்து ஐந்து பட்டையும் பூட்டியதும் அவள் அடித் தொண்டையிலிருந்து ஒரு கத்து கத்தினாள். நான்கு நிமிஷம் கத்தினாள். ஐந்தாவது நிமிஷம் தகப்பன் மனம் கரைந்துவிட்டது.

“பாவம் ஏட்டி, கட்டிப்போட்ட மாதிரில்லா இருக்கு. மடில வச்சிக்க. பஞ்ச்கனிக்குப் போகும்போது பழகிக்கிடுவா.”

புறப்படும் நாள் காலை ஆறு மணிக்கு நாற்பத்தாறு இனங்கள் காருக்குள் போய்விட்டன. டிக்கி நிரம்பியது, பின்சீட்டு நிரம்பியது, கால் வைக்கிற இடம் நிரம்பியது. நடுவே குழந்தை சீட் மட்டும் காலியாக, கம்பீரமாக இருந்தது. அப்போது லிஃப்டிலிருந்து வடிவு நாற்பத்தேழாவது இனத்தோடு இறங்கி வந்தாள். எவர்சில்வர் தூக்குச் சட்டியில் இட்லி மாவு.

மாவு அவளுடைய ஏற்பாடு அல்ல, அவருடையது. போன தடவை வெளியூரில் ஹோட்டல் சாப்பாடு பிள்ளையின் வயிற்றுக்கு ஆகவில்லை. ஆகவே மூன்று நாளும் இட்லி. ஆனால் மாவுக்கு ஒரு குணம் உண்டு. அது சும்மா இருக்காது, பொங்கும். சாய்ந்தால் வழியும். மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகிற காரில் அதை எங்கே வைப்பது? பைகளுக்கு மேல் வைத்துப் பார்த்தார், சாய்ந்தது. கேனுக்கும் கொசுவலைக்கும் இடையில் செருகினார், சாய்ந்தது. பிறகு அவர் கண் அந்தக் காலி சீட்டின் மேல் விழுந்தது.

தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, நடுவே ஒன்று. ‘டிக்’கென்று பூட்டிக்கொண்டது. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வழிந்தாலும் கவலையில்லை, பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. உலகத்தில் ஓர் இட்லி மாவுக்கு இவ்வளவு பாதுகாப்பு அதற்கு முன் கிடைத்திருக்காது.

“அப்ப பிள்ள?” என்றாள் வடிவு.

“வாஷி பாலம் தாண்டட்டும், மாத்திக்கிடலாம்.”

வடிவு மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். வாஷி தாண்டியது. பன்வேல் தாண்டட்டும் என்றார். பன்வேலில் பிள்ளை தூங்கிவிட்டாள், எழுப்பினால் அழுவாள். புனேயில் எழுந்துவிட்டாள், மறுபடி கட்டினால் அழுவாள். வாயி என்கிற ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது, “இன்னும் அரை மணி நேரந்தான, இனிமே என்னத்துக்கு?” என்றார். வடிவும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் பிள்ளை மடியில் இருப்பது பிடித்துத்தான் இருந்தது.

பசரணி மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் சாலையோரச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. முன்னால் போன காருக்குள் இருந்த யாருக்கோ அவற்றைப் படம் எடுக்க ஆசை வந்தது. அந்தக் கார் அப்படியே நின்றது. செல்லப்பாண்டி முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்தார்.

கட்டிவைக்காதது எல்லாம் முன்னால் வந்தது. பைகள் வந்தன, கொசுவலை வந்தது, இரண்டு பாட்டியும் வந்தன. தாரணியும் வந்தாள். அம்மாவின் கை வளைவிலிருந்து நழுவி, டாஷ்போர்டில் நெற்றி இடித்து, வடிவின் காலடியில் விழுந்தாள்.

விழுந்தவள் அழவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்குள் செல்லப்பாண்டி ஆறு வருஷத்தையும் மறுபடி காத்திருந்தார். பிறகு பிள்ளை வீரிட்டு அழுதாள். மகள் அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட தகப்பன் அன்றைக்கு அந்த மலையில் வேறு யாரும் இல்லை.

பின்சீட்டில் மாவு அப்படியே இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதலுதவிப் பெட்டியைத் தேடினார். முக்கியமானதை முதலில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் வைத்ததால் அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அவர் சாலையோரத்தில் ஒவ்வொன்றாக இறக்கிவைத்து இருபத்திரண்டாவது இனத்துக்கு வருவதற்குள், வடிவு துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து ஒற்றி முடித்துவிட்டாள். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. ரத்தமில்லை, வாந்தியில்லை. பிள்ளை குரங்கைக் கேட்டாள்.

வடிவு பின்கதவைத் திறந்தாள். ஐந்து பட்டையையும் விடுவித்து, தூக்குச் சட்டியை எடுத்துச் சுவரில் வைத்தாள். பிளாஸ்டிக் தாளை ‘சர்ர்’ரென்று கிழித்தாள். தாரணியை உட்கார வைத்துப் பூட்டினாள். பிள்ளை கத்தத் தொடங்கினாள்.

செல்லப்பாண்டிக்குக் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் இந்த இனத்துக்கென்று ஒரு வாய் இருக்கிறதே!

“அப்ப மாவ எங்க வைக்க?” என்று கேட்டுவிட்டார்.

“எம் மடில வைங்க. வழிஞ்சா தொடச்சிக்கிடுதேன். இவ விழுந்தா என்னத்த வச்சித் தொடைக்க?”

“பிள்ள அழுவுதாளே…”

“அழட்டும். அழுதா இருக்கான்னு அர்த்தம்.”

பஞ்ச்கனி போய்ச் சேரும்வரை மாவு பொங்கி வடிவின் மடியில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பின்னால் திரும்பித் திரும்பி மகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். செல்லப்பாண்டி இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி காற்று என்றார். ஏசி போடவே இல்லை.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். கிடங்கில் இப்போது அவரைப் பார்த்தால் ஆட்கள் வழி மாறிப் போகிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அரை மணி நேரம் நிறுத்திவைத்து விளக்குகிறார், தான் நேரில் கண்ட ஒரு சம்பவத்தோடு. யாருடைய சம்பவம் என்று சொல்வதில்லை. போன வாரம் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, “இந்தா இருக்க ஆண்டாப் ஹில்லுக்கு எதுக்கு அதப் போய்ப் பூட்டிக்கிட்டு?” என்று ஆரம்பித்தார். வடிவு காரில் ஏறாமல் பிள்ளையோடு கேட்டிலேயே நின்றாள். இரண்டு நிமிஷம் கழித்து இறங்கி வந்து, அவரே பூட்டினார்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். உங்கள் வீட்டில் பட்டியல் கிடையாது, மாவும் கொண்டுபோவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் காரில் பின்சீட்டு பெல்ட்டைப் பூட்டுகிற கொக்கி இருக்கிறதே, அது எங்கே? இறங்கிப் போய்ப் பாருங்கள். புது சீட் கவர் மாட்டிய அன்று அடியில் போனது, இன்றுவரை வெளியே வரவில்லை. கவர் நன்றாக இருக்கிறது. எங்கே வாங்கினீர்கள்?