நாற்பதடி ஆசாரம்

சிங்காநல்லூர்
15.10.1997

என் உடன்பிறந்தாள் ராசாத்தாள் பெற்ற சீமான், சென்னைப் பட்டணத்தில் ஆர்க்கிடெக்ட்டாக இருக்கும் அன்பு மாப்பிள்ளை அருண்குமாருக்குத் தாய்மாமன் கந்தப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தை சாமியாத்தாளும் எருமையும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை இந்தக் கடிதம் முழுவதும் படித்த பிறகு எழுதவும். போன் போட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய்.

கட்டட டிசைனர்களுக்கும் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கும் சேர்த்து எங்கள் சங்கம் நடத்திய தொடர் கல்வி வகுப்பு நேற்றோடு முடிந்தது. நடத்த வந்தவர் உன் வாத்தியார், புரொபசர் நரசிம்மலு. அவருடைய ஆபீசில்தான் நீ வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாய் என்றும், அதனால் ரெண்டு நாளும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்படியும் நீ எழுதியிருந்தாய். அப்படியே செய்தேன், முதல் நாள் காலை டீ வரைக்கும்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று அந்த டீ நேரத்தில், பேர் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டது. "எட்டாவதுங்க அம்மணி. தொடர் கல்விங்கறீங்க, நான் உட்ட எடத்துலருந்து தொடருங்க" என்றேன். அந்தப் பெண் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. இந்த ஜில்லாவில் நான் பிளான் போட்ட வீடுகளை வரிசையாக வைத்தால் ஈரோடு தாண்டும் என்று அதற்குத் தெரியாது.

முதல் பாடம் பாசிவ் கூலிங்காம், என் காதில் விழுந்தது பேசி கூலிங். அதாவது மிஷின் இல்லாமல் வீட்டைக் குளிர வைப்பது. பேசிப் பேசியே குளிர வைப்பது போலிருக்கிறது என்று நான் நினைத்ததில் தப்பில்லை, ஏனென்றால் புரொபசர் நிறுத்தாமல் பேசினார். ஹாலில் ஏசி மிஷின் நாலு ஓடியது. விளக்கை அணைத்துப் படம் காட்டியபோது நான் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காரமடை ரசாக், அவரும் பிளான் போடுகிறவர்தான், தொடையில் கிள்ளி, "கவுண்டரே, யோசனை பின்வரிசை வரைக்கும் கேக்குதுங்க" என்றார்.

அந்தக் கிள்ளலில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதே நேரம் புரொபசர், "உங்க பக்கத்து வீடுகள்ல வெயிலை எப்படிச் சமாளிச்சாங்க? யாராவது சொல்லலாம்" என்று கேட்டிருக்கிறார். நின்றவன் சொல்லாமல் உட்காரலாமா மாப்பிள்ளை?

"எங்களுக்கு ஆசாரந்தானுங்க முக்கியம்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. "இந்தக் காலத்துலயுமா ஆசாரம் பாக்கறீங்க?"

"ஏனுங்க, பாக்காம? ஆசாரம் இல்லாத ஊட்டுல மனுசன் இருப்பானுங்களா? எங்க ஊட்டு ஆசாரம் நாப்பதடிங்க!"

"ஆசாரத்துக்கு ஏதுங்க அடிக்கணக்கு?"

"பன்னெண்டடி அகலமுங்க. மழை பேஞ்சா வடக்கு மூலையில கொஞ்சம் ஒழுகும்."

ஹாலே சிரித்தது. நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்து நானும் சிரித்தேன். ரசாக்தான் எழுந்து, "சார், இவுரு சாங்கிய சம்பிரதாயத்தைச் சொல்லலீங்க. எங்க பக்கத்துல ஊட்டு முன்னால இருக்கற பெரிய கூடத்துக்கு ஆசாரம்னு பேருங்க" என்று விளக்கினார். புரொபசர் மேடையிலிருந்து இறங்கி ஓடியே வந்துவிட்டார். மரத்தூண் உண்டா, ஓடு என்ன ஓடு, காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்பவர் முகம் மலரும்போது குறைத்துச் சொல்வது நம் வம்சத்தில் கிடையாது. சித்திரை மத்தியானம் அங்கே படுத்தால் போர்வை வேண்டும் என்றேன். மோரை வைத்தால் கட்டியாகிவிடும் என்றேன். ஊட்டியிலிருந்து வந்த சம்பந்தி ஜன்னலைச் சாத்தச் சொன்னார் என்றேன்.

"இதை யார் இவ்வளவு ஒழுங்கா மராமத்துப் பாத்தாங்க?" என்றார்.

எனக்குச் சட்டென்று உன் ஞாபகம் வந்தது. பார் மாப்பிள்ளை, மாமனுக்கு எப்போதும் உன் ஞாபகம்தான். "என்ற மாப்ள அருண்குமாருங்க. உங்களுகிட்டப் படிச்ச பையன்" என்றேன்.

"அருணா? இன்டர்வியூல இதைச் சொல்லவே இல்லையே!"

"அடக்கமுங்க. எங்க ஊட்டுல எல்லாருமே அப்படித்தானுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு பேர்ல யாரை எடுக்கறதுன்னு குழம்பிட்டு இருந்தேன். இனிக் குழப்பமில்லை. அந்த ஆசாரத்தை ஒருதடவை கண்ணால பாத்துட்டு, அங்கேயே அவன்கிட்ட ஆர்டரைக் குடுத்துடறேன்" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வகுப்புக்கு வந்த அத்தனை பேரும் வேன் வைத்து நம் வீட்டுக்கு வருகிறார்கள். உன் அத்தை ஒப்பிட்டும் கச்சாயமும் சுடுகிறாள். உன் வேலை முடிந்தது என்றே வைத்துக்கொள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா, நீயே சொல்!

அவிநாசி அப்பன் உனக்குக் கோபுரம் கோபுரமாகக் கட்டுகிற யோகத்தையும், பெரியவர்கள் செய்வதைப் பொறுத்துக்கொள்ளும் மனசையும் கொடுக்கட்டும். ராசாத்தாளிடம் இந்தக் கடிதத்தை இதுவரைக்கும் மட்டும் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
உன் உயர்வே குறியான மாமன்
கந்தப்பன்

பி.கு.: உனக்குச் சொன்னேனோ இல்லையோ, போன வைகாசியில் ஆசாரத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் மாவு மில் போட்டாயிற்று. பிளான் நானே போட்டேன். தகரக் கூரை. மத்தியானம் உள்ளே நின்றால் அரைக்கும்போதே மாவு வெந்துவிடும். ஆகவே நீ வெள்ளிக்கிழமை ராத்திரியே ரயிலேறி வந்துவிடு. நமக்கு இப்போது பேசி கூலிங் ஒன்றுதான் வழி. வேன் வந்ததும் நான் பேசுகிறேன், நீ அவரைக் குளிர வைத்துவிடு.