கனிசியஸின் நல்ல பாவசங்கீர்த்தனம்

"மூண்டு பாவம் காணாது," என்றாள் மனைவி றஜனி.

கனிசியஸ் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் றஜனியின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம், கனிசியஸ்தான் ஞானத்தகப்பன். குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்காத ஞானத்தகப்பன் தனக்கு வேண்டாம் என்று புதிதாக வந்த பங்குத்தந்தை சொல்லிவிட்டார். கனிசியஸ் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது தன் கலியாணத்துக்கு முதல் நாள். அதற்கு இருபத்திரண்டு வருடம்.

"பொய் சொன்னன், கோவப்பட்டன், பூசைக்கு ஒழுங்காப் போகேல்லை. இதுக்கு மேலை என்ன வேணும்?"

"இருபத்திரண்டு வருசத்துக்கு மூண்டோ? ஃபாதர் சிரிக்கப்போறார். ஆத்தும சோதனை செய்யாமல் போறதே பிழை. இருங்கோ."

கனடாவிலிருந்து அவளுடைய அக்கா வைபரில் அனுப்பிய ஆத்தும சோதனைப் பட்டியலை றஜனி திறந்தாள். பத்துக் கட்டளைக்கும் சேர்த்து எழுபத்துநாலு கேள்விகள். கனிசியஸ் "ஓம்", "இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் இரண்டும் மாறிப்போனதில் ஒரு கொலையை ஒப்புக்கொண்டார். றஜனி முறைத்துவிட்டு எட்டாம் கட்டளைக்குப் போனாள்.

"பொய் சொல்லி ஆற்றையும் பேரைக் கெடுத்தனீங்களோ?"

கனிசியஸின் காது சூடாகியது.

"தெரிஞ்சு கொண்டு ஒரு பாவத்தை மறைச்சால் என்ன?"

"மற்றதொண்டும் மன்னிக்கப்படாது. மறைச்சதும் புதுப் பாவம்."

பதினொரு வருடத்துக்கு முன் அவர் ஒரு மொட்டைக் கடிதம் எழுதியிருந்தார். பக்கத்து வளவு இராசநாயகம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். கனிசியஸ் கட்டிய மதில் கோணல் என்று வாசிகசாலையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்தக் கோபத்தில், இராசநாயகத்தின் மகள் தர்சிகாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு, 'சீதனக் காணியில் வழக்கு இருக்கிறது' என்று பெயர் போடாமல் எழுதித் தபாலில் போட்டார் கனிசியஸ். பத்தாம் நாள் கலியாணம் குழம்பியது. காணியில் ஒரு வழக்கும் இல்லை. மதில் உண்மையில் கோணல்தான்.

அதே மாப்பிள்ளையைத் தன் தங்கைக்கும் கேட்டிருந்த கடைக்கார ஜெயசுதன்மேல் ஊரே சந்தேகப்பட்டது. கனிசியஸும் கூடச் சேர்ந்து சந்தேகப்பட்டார்.

கோயிலில் அவருடைய முறை வந்தது.

"என்னை ஆசீர்வதியும் சுவாமி, நான் பாவி. கொலை செய்யேல்லை. அது வாய் தவறி வந்தது."

"என்ன வந்தது?" என்றார் ஃபாதர்.

ஒருவழியாகக் கடிதக் கதையைச் சொல்லி முடித்தபோது கனிசியஸுக்கு வேர்த்து ஊற்றியது.

"அந்தப் பிள்ளை இப்ப எப்பிடி இருக்கிறா?"

"பேந்து வேறை இடத்திலை கலியாணம் நடந்தது ஃபாதர். புத்தூரிலை ரீச்சர். ரெண்டு பிள்ளையள்."

"நேரை போய்ச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது நல்லது. ஆனால் அதாலை புதுக் குழப்பம் வருமெண்டால் போகாதேங்கோ, அவைக்காகச் செபியுங்கோ."

'ஆனால்' என்ற இடத்தில் பாடகர் குழு ஓர்கன் வாசித்துப் பழகத் தொடங்கியது. கனிசியஸின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

முதலில் வழியிலிருந்த ஜெயசுதனின் கடைக்குப் போனார். வீண்பழி சுமந்தவன் அவன்தானே.

"ஜெயசுதன், அந்தக் கடிதம் நான் எழுதினது. என்னை மன்னிச்சுக்கொள்ளும். இப்பவே போய் இராசநாயகம் அண்ணைக்குச் சொல்லப்போறன்."

சீனி நிறுத்துக்கொண்டிருந்த ஜெயசுதனின் கை நின்றது. "ஐயோ அண்ணை, சொல்லிப்போடாதேங்கோ!"

"ஏன்? உம்மடை பேரெல்லோ சுத்தமாகும்."

"ஒன்பது வருசமா அந்த வீட்டிலை ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. பொறுக்கேலாமல் போய், நான்தான் எழுதினனான் எண்டு காலிலை விழுந்தனான். இராசநாயகம் அண்ணை கட்டிப்பிடிச்சு அழுதவர். இப்ப வெள்ளிக்கிழமையிலை எனக்கு அங்கைதான் சாப்பாடு. நீங்கள் சொன்னால் நான் பொய்க்காரன்!"

கனிசியஸ் றோட்டில் இறங்கி நின்றார். சொன்னால் ஜெயசுதன் பொய்யன். சொல்லாவிட்டால் தன் பாவசங்கீர்த்தனம் பழுது. இராசநாயகத்தின் படலையைத் திறக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தோன்றியது.

"அண்ணை, இப்பதான் ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வாறன். அந்தக் கடிதம் ஜெயசுதன் தனிய எழுதேல்லை. நானும் சேர்ந்துதான் எழுதினனான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்பது உறைத்தது. பாவம் மன்னிக்கப்பட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை.

இராசநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "நீருமோ? அப்ப வலிப்பு எண்டு எழுதச் சொன்னது ஆர், நீரோ அவனோ?"

"வலிப்போ?"

"பொம்பிளைக்கு வலிப்பு எண்டு ஒரு வரி. வேறையொண்டும் இல்லை."

"காணி வழக்கு எண்டெல்லோ எழுதினது?"

"எந்தக் காணி வழக்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தது ஒரேயொரு கடிதம். என்ரை கையிலை தந்து வாசிக்கச் சொன்னவை."

அப்போது மோட்டார் சைக்கிளைப் படலையடியில் போட்டுவிட்டு ஜெயசுதன் ஓடி வந்தான்.

"அண்ணை, இவர் சொல்லிறதை நம்பாதேங்கோ! நான்தான் எழுதினனான்!"

"சரி, என்ன எழுதினனீ?"

ஜெயசுதன் கனிசியஸைப் பார்த்தான். கனிசியஸ் இராசநாயகத்துக்குத் தெரியாமல் கையைக் காலை உதறிக் காட்டினார்.

"கை... கைநடுக்கம் எண்டு."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

இராசநாயகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருடம் ஊர்க் காணி அளந்தவருக்கு இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

"ரெண்டு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறியள். என்ன எழுதினதெண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது. போங்கோ. போய் ஒரு முடிவுக்கு வந்திட்டு வாங்கோ."

ஜெயசுதன் மோட்டார் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனான். கனிசியஸ் படலையடியில் நின்று, திரும்பக் கோயிலுக்கே போய்ப் புதிதாகச் சொன்ன பொய்யையும் சொல்லுவதா, ஃபாதர் இன்னும் இருப்பாரா என்று யோசித்தார். தன் கடிதம் எங்கே போனது, வலிப்பு எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

சனி ஞாயிறுக்குப் பிள்ளைகளோடு வந்திருந்து, உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட தர்சிகா படலையைச் சாத்த வந்தாள். தகப்பன் உள்ளே போய்விட்டாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உங்கடை ஃபாதரிட்டைச் சைவ ஆக்களும் போகலாமோ, அங்கிள்? அந்த மாப்பிள்ளையைக் கட்ட விருப்பமில்லாமல், எனக்கு வலிப்பு எண்டு எழுதிப் போட்டது நான்தான்."