கிரீச் என்பது குறையா, குணமா?

மனிதன் வண்டி வாங்குவது உட்கார்ந்து போவதற்காக என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் வீட்டுக்காரர், அந்தப் பெரிய எஸ்யூவியை வாங்கிய பிறகுதான் என் அறியாமை நீங்கிற்று.

வண்டி என்றால் அப்படி ஒரு வண்டி. அது திரும்பும்போது தெரு கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து சுற்றிப் பார்த்தார்கள், டயரை ஓர் உதை உதைத்தார்கள், "ஜம்முன்னு இருக்கு" என்றார்கள். ஒருவராவது உள்ளே உட்கார்ந்து பார்த்தாரா என்றால், அதுதான் இல்லை. உட்கார்ந்தது என் தங்கை ஒருத்திதான்.

சீட்டு பலகை மாதிரி இருந்தது. தலைசாய்க்க வைத்திருந்த மெத்தை, தலையைச் சாய்க்கவிடாமல் முன்னால் தள்ளியது. வழி நெடுக அவள் தன் மடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏசி அவளுடைய இடது முழங்காலை மட்டும் குளிர வைத்தது, மிச்ச உடம்பு வெந்தது. இதெல்லாம் போக, எதிரே டேஷ்போர்டுக்குள்ளிருந்து கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் அதுவும் கூடியது. வண்டி நின்ற பிறகும் தனியாக ஒரு தடவை கிரீச்சிட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது.

இறங்கியவள் நேராக என் வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்தாள்.

"அண்ணா, அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் அங்க போகமாட்டேன். நான் வேணுமா, அது வேணுமான்னு அவரே முடிவு பண்ணட்டும்."

முடிவு பண்ண மாப்பிள்ளைக்கு அவகாசம் தேவைப்பட்டது. அந்த அவகாசத்தில் என் தங்கை என் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு மாற்றினாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். என் சாய்வு நாற்காலி தூசி அடைகிறது என்று மொட்டைமாடிக்கு நாடு கடத்தினாள். ஆகவே, இந்த விவகாரத்தில் உண்மையில் பாதிக்கப்பட்டவன் யார் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். மாப்பிள்ளையைச் சட்டையைப் பிடித்துச் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப்போனது நான்தான்.

சர்வீஸ் சென்டர் முழுக்கக் கண்ணாடி. 'உங்கள் புன்னகையே எங்கள் எரிபொருள்' என்று பலகை. அதன் கீழே டை கட்டிய மேனேஜர்.

"வாங்க சார், சொல்லுங்க சார். என்ன அனுபவம்?"

"அனுபவம் இல்லீங்க, கம்ப்ளெயின்ட்" என்றார் மாப்பிள்ளை.

"இங்க அந்த வார்த்தை கிடையாது சார். அனுபவம்னுதான் சொல்லுவோம்."

"சரி. அனுபவம் கிரீச்சுங்குது."

மேனேஜர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார்.

"கேட்டுச்சா?"

"அருமையா கேட்டுச்சு சார்." மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "ஆனா இது குறையில்ல, குணம். இந்த மாடல்ல எல்லா வண்டிக்கும் இருக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் தம்பி, இந்த ஒரு வண்டியில மட்டும் இருந்திருந்தா?"

"அப்ப ஓட்டுறவரோட தப்பு சார்."

"எல்லா வண்டியிலயும் இருந்தா?"

"வண்டியோட குணம்."

"அப்ப குறைங்கிறது எப்பத்தான்யா வரும்?"

மேனேஜர் கூரையைப் பார்த்து நேர்மையாக யோசித்தார். "அப்படி ஒரு நிலைமை இதுவரைக்கும் ஏற்படல சார்."

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தம் போடாத வண்டி ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்துறேன். அப்ப ஒத்துக்குவீங்களா?"

"தாராளமா. ஆனா இருக்காது சார்."

அன்று முதல் மாப்பிள்ளை ஊரிலுள்ள பார்க்கிங் எல்லாம் ஏறி இறங்கினார். அதே மாடல் வண்டி கண்ணில் பட்டால், சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சுற்றுப் போய்வருவார். திருடன் என்று இரண்டு இடத்தில் வாட்ச்மேன்கள் துரத்தினார்கள். எல்லாம் கிரீச். கடைசியில் பக்கத்துத் தெருப் பல்டாக்டரின் வண்டி அகப்பட்டது. அதே மாடல், அதே நிறம், மூச்சுக் காட்டவில்லை. போகும்போது பல்டாக்டர் பேசுவது தெளிவாகக் கேட்டது. அது ஒன்றுதான் அந்த வண்டியில் இருந்த தொல்லை.

டாக்டரை வண்டியோடு சர்வீஸ் சென்டருக்கு அழைத்துக்கொண்டு போனோம். மேனேஜர் ஓட்டிப் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். இன்ஜினீயர்கள் ஓடிவந்தார்கள். டேஷ்போர்டைத் தட்டினார்கள், கதவை ஆட்டினார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். மயான அமைதி. ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"பாத்தீங்களா?" என்று மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினார்.

மேனேஜர் அவரைத் தாண்டிப் போய்ப் பல்டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க டாக்டர். எப்படியோ ஒரு வண்டி எங்க கண்ணுல தப்பிடுச்சு. தங்களுக்கு நேர்ந்த மௌனத்துக்கு எங்க நிறுவனம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்குது."

பல்டாக்டரை சோபாவில் உட்காரவைத்து, பூங்கொத்தும் ஜூஸும் கொடுத்தார்கள். நாங்கள் நின்றோம். சாயங்காலம் வண்டி கழுவித் துடைத்து வந்தது. பல்டாக்டர் சாவியைத் திருகினார். கிரீச்.

"ஐயோ டாக்டர், கெடுத்துட்டாங்களே!" என்று மாப்பிள்ளை பதறினார்.

பல்டாக்டர் கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். "அப்ப இத்தனை நாளா எனக்கு மட்டும் இல்லாமலே குடுத்திருக்கானுங்களா? நல்லவேளை நீங்க வந்தீங்க. இல்லேன்னா ஏமாந்தே போயிருப்பேன்."

அவர் சும்மா இருக்கிற ஆளா? பல் காட்ட வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வாயில் கருவி இருக்கும்போது யாரும் மறுத்துப் பேச முடியாதல்லவா, ஊரே நம்பியது. கம்பெனிக்காரனும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். கிரீச்சுக்கு 'பாதை உணர்வு' என்று நாமகரணம் நடந்தது. 'சாலை உங்களிடம் பேசுகிறது' என்று தெருவுக்குத் தெரு விளம்பரம். வேறு கம்பெனி வண்டிக்காரர்களும், என்னிடமும் சாலை பேசவேண்டும், என் வண்டியிலும் அதைப் போட்டுக் கொடு என்று சர்வீஸ் சென்டரில் வந்து நின்றார்கள்.

மாப்பிள்ளைக்கோ இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. பெண்டாட்டி இல்லாத வீட்டில் எத்தனை நாள் இருப்பார்? ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, சாவியை என் தங்கையின் முன்னால் வைத்தார்.

"நீதான் வேணும்மா. இன்னிக்கே இதை வித்துடறேன்."

என் கண்ணே கலங்கிவிட்டது. நாற்காலி கீழே இறங்கப்போகிறதே என்ற ஆனந்தம்தான்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "ஏங்க, இப்ப வந்து நின்னுச்சே, பாதை உணர்வு வச்ச வண்டி, அது உங்களுதா? எங்க வீட்டுக்காரரும் போடறேன் போடறேன்னு சொல்லிட்டே இருக்கார். சர்வீஸ் சென்டர்ல இடமே கிடைக்கலையாம்!"

என் தங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எங்களுக்கு எதுக்கு அப்புறமா போடணும்? வாங்கும்போதே இருந்துச்சு."

எதிர்வீட்டம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டே போனாள். தங்கை புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எதை விக்கப் போறீங்க? மூளை கீளை கலங்கிப் போச்சா? பெட்டியை எடுங்க."

முன்சீட்டில் ஏறி, மடியைப் பார்த்தபடி ராணி மாதிரி உட்கார்ந்தாள். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடி நான்கையும் இறக்கச் சொன்னாள். கிரீச் கிரீச் என்று தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் பழைய காரை எடுத்துக்கொண்டு வெளியே போனால், சத்தமில்லாமல் போகிறேன் என்று கண்டவரெல்லாம் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். எத்தனை நாள் தாங்குவது? போன வாரம் நானும் சர்வீஸ் சென்டருக்குப் போய் வரிசையில் நின்றேன். சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை.