மூன்றில் ஒரு பங்கு மனைவி

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே மனதார வாழ்த்திவிடுகிறேன். ஏனென்றால் இதற்குக் கீழே எழுதப்போவதில் வாழ்த்து எதுவும் கிடையாது. இங்கே உன் அத்தானும் நலம், என் கையில் இன்னும் சிக்காததால்.

போன மாதம் வந்தபோது நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? ஸ்டுடியோ வைத்திருப்பவன் ஸ்டுடியோவோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். சாப்பிட்ட கையோடு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அத்தான், வெளியில படம் எடுக்கும்போது ஆளை நட்டநடுவுல நிறுத்தாதீங்க, கட்டத்தை மூணாப் பிரிச்சு ஓரமா நிறுத்துங்க" என்று ஆரம்பித்தாய். போதாததற்குப் படம் திருத்துகிற ஆப் ஒன்றையும் போனில் போட்டுக் கொடுத்தாய். முப்பத்தைந்து வருஷம் டிப்போவில் உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று குறித்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். விதி என்று ஒன்றைக் காதில் போட்டால் விடுவாரா? குரங்கு கையில் பூமாலை என்று எழுத வந்தேன், கட்டினவரை அப்படி எழுதக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். என் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் அவ்வளவு தூரம் விமானத்தில் போக முடியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரு படம் குடும்மா, கட்டிலுக்கு எதிர்ல மாட்டிக்கிறேன், வலி வரும்போது பார்த்துக்கிட்டே இருப்பேன்." வெள்ளிக்கிழமை கிளம்புகிற என் நாத்தனார் ஃப்ரேம் போட்டுக் கொடுத்தால் எடுத்துப்போவாள். இன்று புதன். போனில் நானூறு படம் இருக்கிறது, நாங்கள் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

முதல் நாள், விடிகிற வெயில்தான் முகத்துக்கு நல்லது என்று நீ சொன்னாயாமே, பல்கூடத் துலக்கவிடாமல் பூங்காவுக்கு இழுத்துப்போய், என்னை ஓரத்தில் நிறுத்தி, மரம் முழுசாக விழ வேண்டும் என்று பின்னால் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். அப்புறம் பத்து விநாடி டைமரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்து சேரவில்லை. படத்தில் மரம் அம்சமாக இருக்கிறது, ஓரத்தில் பல்லி மாதிரி நான், இந்தப் பக்கம் அவருடைய ஒரு கால், அதுவும் செருப்பில்லாமல். மறுநாள், கோடுகள் கண்ணை ஆளிடம் கொண்டுபோக வேண்டுமாம், அதற்காக என்னைத் தார் ரோட்டு வெள்ளைக்கோட்டின் மேல் நிறுத்திவிட்டார். குப்பை லாரி ஒன்று முகத்துக்கு நேராக வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். "வீட்டுக்காரர்தாங்க நிறுத்தி வச்சிருக்கார்" என்று கையைக் காட்டினேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ! மூன்றாம் நாள், முன்னால் ஏதாவது இருந்தால்தான் படத்துக்கு ஆழம் வருமாம், செடிக்குள்ளே தலையை விட்டு எடுத்தார். இலை பளிச்சென்று விழுந்திருக்கிறது, பின்னால் கலங்கலாகத் தெரிவது நானாம். அவர் கழுத்தெல்லாம் எறும்புக்கடி, அதற்கு மருந்து தடவினதும் நான்தான்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கிப் பூங்கா வாட்ச்மேனிடம் கொடுத்தேன். "அவர் கைல குடுத்தா படம் கோணிடும்டி" என்று இவர் முனகிக்கொண்டே நின்றார். வாட்ச்மேன் ஒரே அமுக்கு. தம்பி, என்ன படம் தெரியுமா! நான் சிரிக்கிறேன், இவர்கூடச் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து நிம்மதியாக அடுப்படிக்குப் போனேன், அதுதான் நான் செய்த தப்பு. முதலில் என் முகத்துச் சுருக்கத்தை எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினார். அவள் உடனே போன் பண்ணி, "அம்மா, அப்பா பக்கத்துல நிக்கிறது யாரு?" என்றாள். அப்புறம் என் பின்னால் ஒரு குப்பைத்தொட்டி தெரிகிறதென்று அழித்தார். கூடவே என் வலது கையும் போய்விட்டது. ஒற்றைக் கையோடு நிற்பது கண்ணை உறுத்துகிறது என்று என்னையும் மொத்தமாக அழித்துவிட்டு, காலியான இடத்தில் இரண்டு மேகத்தைப் போட்டு, "இப்பப் பாரு, படம் எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று நீட்டுகிறார்! பழைய படம் எங்கே என்றால் அதன் மேலேயே சேமித்துவிட்டாராம்.

"முப்பத்தாறு வருஷம் உங்ககூட குப்பை கொட்டினேன், கடைசில குப்பைத்தொட்டியோட என்னையும் துடைச்சுப் போட்டுட்டீங்களே" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் டிப்போ நண்பர்களுக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார் போல, "அருமை சார், மேகம் பிரமாதம்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. என் பிள்ளை வலியில் துடிக்கும்போது மேகத்தையா பார்ப்பாள்?

ஆகவே நீ நாளைக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, உன் ஆப்பை எடுத்துத் தொலைத்துவிட்டு, எங்களை நட்டநடுவில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுக்கிறாய். வராவிட்டால் எனக்குத் தம்பியே இல்லை. கடிதத்தை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் வந்தது தாமதம் என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காமல். உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

கோபத்துடன்,
அக்கா

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கடிதத்தோடு நான் தெருவில் இறங்கியபோது மணி நாலு. உன் அத்தான் வாசல்படியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இருங்க, இந்த அழகை உங்க பொண்ணும் பார்க்கட்டும்" என்று ஆத்திரத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஆள் நட்டநடுவில், தலையிலிருந்து கொடிக்கம்பி முளைத்திருக்கிறது. அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினாள். "அம்மா, இதையே குடுத்துவிடு. அப்பா அப்படியே இருக்கார். நீயும்தான் இருக்கே, கீழே பாரு." பார்த்தேன். என் பின்னாலிருந்து வெயில் அடித்ததில், போனும் கையுமாக என் நிழல் நீளமாகப் போய் அவர் மடியில் விழுந்திருக்கிறது. அவரும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எடுக்கிறவங்க நிழல் விழக்கூடாதுன்னு தம்பி சொன்னானே" என்று அழிக்க விரலைக் கொண்டுபோனார், அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று விரலை எடுத்துவிட்டார். ஃப்ரேம் கடைக்குக் காலையில் கொடுக்க வேண்டும். ஆப்பை எடுக்காதே. இதைக் கொண்டுவருகிறவரிடமே பதில் சொல்லி அனுப்பு: கையைத் தூக்கிப் பிடித்ததில் என் நிழல் கொஞ்சம் குண்டாக விழுந்திருக்கிறது, அதை மட்டும் ஒல்லியாக்க எந்த பட்டனை அமுக்க வேண்டும்?