விருந்தில் நான் கொடுத்த வாக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். உன் முதுகுவலியும் அண்ணியின் கோபமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். விஷயத்துக்கு வருகிறேன்: விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்காதே. முதுகே உடைந்தாலும் பேருந்துப் பணிமனையை விட்டு நகராதே.

காரணத்தைச் சொல்லக் கூடாது. என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் காதில் விழுந்ததை வெளியே சொன்னால் வேலை போய்விடும். தொலைபேசியில் சொல்லவும் பயம், அதனால்தான் கடிதம். நேற்று மதியம் ஒரு தொழிலதிபர் வீட்டில் விருந்து. கட்சிக்குத் தேர்தல் நிதி கொடுப்பவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். நிதியமைச்சர் தம் மொழியில் பேசுவார். நான் தொழிலதிபரின் நாற்காலிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து அவர் காதில் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ‘அமைச்சர் செய்வாராம்’ என்று சொல்லக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அமைச்சர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகப் பேசினார். நான் சொன்னேன்: “தேர்தல் முடியட்டும், அரசு ஊழியர் ஓய்வூதியத்தைப் பாதியா வெட்டிடறேன். மிச்ச நிதியை உங்க கம்பெனி கையிலயே கொடுத்துடறேன்.”

“கிழடுங்க தெருவுக்கு வந்து கத்துமே?” என்று தொழிலதிபர் கேட்டதை அமைச்சருக்குச் சொன்னேன்.

“எவ்வளவு நேரம் கத்தும்? கால் வலிச்சா தானா உட்கார்ந்துடும்” என்றேன், அதாவது அவர் என்றார்.

தொழிலதிபர் திரும்பி, அமைச்சரை விட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்து, “சத்தியமா?” என்றார். அமைச்சர் ஏதோ முனகினார். “சத்தியமா” என்றேன். அண்ணா, உன் வாயில் மண்ணைப் போடுவதாக நானே சத்தியம் செய்துவிட்டு, அவர்கள் கொடுத்த ஐஸ்கிரீமையும் சாப்பிட்டேன். காரில் கொண்டுவந்து விட்ட ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது அழைப்பு மணி அடித்தால் இவரைத்தான் கதவைத் திறக்கச் சொல்கிறேன். “யாருடி உன்னைத் தூக்கிட்டுப் போகப் போறான்?” என்று சிரிக்கிறார். விவரம் தெரியாதவர்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அரசு வேலை மட்டும் வேண்டாம் என்று சொல். படித்ததும் கிழித்துவிடு.

என்றும் உன் நலம் நாடும்,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி போனில் கூப்பிட்டார். இன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாயாமே! நேற்று விருந்து முடிந்த கையோடு அமைச்சர் டிவியில் பேசினார். அதற்கும் தமிழ்க் குரல் நான்தான். ‘உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு காசு குறைய விடமாட்டேன்’ என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன். “அமைச்சர் பேச்சை யாரு நம்புவா? ‘என் தங்கச்சியே சொல்றா, அப்புறமென்ன’ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு உங்க அண்ணன்” என்கிறார் அண்ணி.